வைகாசியில் முகூர்த்தம், செப்டம்பரில் தேனிலவு

"பெரியப்பா, ஐரோப்பாவுக்கு எந்த மாசம் போனா நல்லது?"

2023ஆம் வருஷம் பொங்கலன்று, முலுண்டில் என் தம்பி வீட்டில், சர்க்கரைப் பொங்கலை வாயில் போட்டுக்கொண்டிருந்தபோது என் தம்பி மகள் இந்தக் கேள்வியைக் கேட்டாள். நிச்சயதார்த்தம் முடிந்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. முகூர்த்தத்துக்கு ஜோசியர் இரண்டு தேதிகள் குறித்துக் கொடுத்திருந்தார். ஒன்று வைகாசியில், இன்னொன்று ஆவணியில். எது என்று இரு வீட்டாரும் பேசி முடிவு செய்ய வேண்டிய நேரம்.

"சுற்றிப் பார்க்கவா, நடக்கவா?" என்று கேட்டேன்.

"நடக்கத்தான். பஸ்ஸில உட்கார்ந்துகொண்டு பத்து நாளில் ஏழு நாடு பார்க்க நான் வரமாட்டேன்னு அவர்கிட்ட முதல் நாளே சொல்லிட்டேன்."

அவளும் மாப்பிள்ளையும் ஞாயிற்றுக்கிழமை வந்தால் சஹ்யாத்ரியில் ஏதாவது ஒரு கோட்டையில் ஏறி இறங்குகிறவர்கள். இருவரும் அறிமுகமானதே அப்படி ஒரு மலைப்பாதையில்தான். கல்யாணம் முடிந்ததும் ஆல்ப்ஸ் மலையில் ஒரு வாரமாவது நடக்க வேண்டும் என்பது அவர்கள் ஆசை. அதற்காக இரண்டு பேரும் ஒரு வருஷமாகப் பணம் சேர்த்திருந்தார்கள். இன்னொரு முறை சேர்ப்பதற்குள் வீட்டுக் கடன், குழந்தை என்று எல்லாம் வந்துவிடும். ஆகவே போவது ஒரே தடவை, அது வீணாகக்கூடாது.

இந்த விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் அனுபவம் உண்டு. பெருமைப்படும்படியான அனுபவம் இல்லை. எங்கள் தேனிலவு மகாபலேஷ்வரில் மூன்று நாள், அதில் இரண்டு நாள் மழை. அந்தக் குறையைத் தீர்க்க வேண்டும் என்று 2013 மே மாதம் என் மனைவியை சுவிட்சர்லாந்துக்கு அழைத்துப் போனேன். மே மாதம் என்றால் நமக்குக் கோடை விடுமுறை. சினிமாக்களில் கதாநாயகி மெல்லிய ஷிஃபான் புடவையோடு பனியில் ஓடுவதை எத்தனை முறை பார்த்திருக்கிறோம்! மே மாதம்தான் சீசன் என்று நானாகவே முடிவு செய்துகொண்டேன். யாரையும் கேட்கவில்லை.

கிரிண்டல்வால்டில் ஒரு அறை எடுத்திருந்தோம். முதல் நாள் காலை புது ஷூவை மாட்டிக்கொண்டு கிளம்பினோம். நாங்கள் போக நினைத்தது மென்லிஷன் என்ற இடத்திலிருந்து கிளைன ஷைடெக் வரை போகும் பாதை. நாலரை கிலோமீட்டர்தான், ஏறக்குறைய சமதளம், கண்ணெதிரே ஐகர் மலை. வயதானவர்கள்கூட ஒன்றரை மணி நேரத்தில் நடந்துவிடுவார்கள். கேபிள் கார் நிலையத்தில் கதவு பூட்டியிருந்தது. பராமரிப்பு வேலை, ஜூன் வரை கிடையாது என்று ஒரு தாள் ஒட்டியிருந்தார்கள். சரி, வேறு பாதை என்று ஏரிக்குப் போகிற வழியை விசாரித்தால், அங்கே இன்னும் இடுப்பளவு பனி என்றார்கள். ஏரி எங்கே இருக்கிறது என்றே தெரியாதாம், அதன் மேலும் பனிதான்! நாங்கள் ஐந்து நாளும் ஊருக்குள்ளேயே, பள்ளத்தாக்கின் தார்ச்சாலையில் குடையோடு நடந்தோம். "மாதேரான்லேயே நடந்திருக்கலாம்" என்று என் மனைவி ஒரே ஒரு முறைதான் சொன்னாள். ஆனால் அந்த ஒரு முறையை நான் மறக்கவில்லை.

நான் செய்த தவறை அப்புறம்தான் புரிந்துகொண்டேன். நம் ஊரிலிருந்து குழு குழுவாகப் போகிறவர்களுக்கு மே மாதத்தில் எந்தக் குறையும் இல்லை. யுங்ஃபிராவ்யோக் ரயில் 1912 முதல் ஓடிக்கொண்டிருக்கிறது. மலையைக் குடைந்து போகிற ரயில். வெளியே பனி கொட்டினாலும் 3,454 மீட்டர் உயரத்தில் உள்ள நிலையத்துக்கு உங்களைக் கொண்டுபோய்விடும். மேலே பனியில் நின்று படம் எடுத்துக்கொண்டு, சூடாக ஒரு தேநீர் குடித்துவிட்டு இறங்கிவிடலாம். உட்கார்ந்து பார்க்கிறவர்களுக்கு மே மாதம் போதும். காலை நம்பிப் போகிறவர்களுக்கு அது போதாது.

காரணம் மிகச் சாதாரணமானது. உயரம் ஆயிரம் மீட்டர் கூடினால் வெப்பம் சுமார் 6 டிகிரி குறையும். ஜூரிக்கில் 20 டிகிரி வெயிலில் சட்டையோடு உலாவும் நாளில் 2,400 மீட்டரில் 8 டிகிரிதான். நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை கொட்டிச் சேர்ந்த பனி அவ்வளவு சுலபத்தில் கரையாது. 2,000 மீட்டருக்கு மேலே, அதுவும் வெயில் படாத வடக்குச் சரிவுகளில், ஜூன் பாதிவரை, சில வருஷம் ஜூலை முதல் வாரம் வரைகூடக் கிடக்கும். கிரிம்ஸல், ஃபுர்கா போன்ற கணவாய்ச் சாலைகளைத் திறக்கவே மே கடைசி, ஜூன் ஆகிவிடும். மலைக்குடில்களும் ஜூன் நடுவில்தான் கதவைத் திறக்கின்றன. செப்டம்பர் கடைசியில் மூடிவிடுகின்றன. மூன்று நாடுகள் வழியாக 170 கிலோமீட்டர் போகும் மோன் பிளாங்க் சுற்றுப்பாதைக்கும் இதே கணக்குத்தான். ஆக, ஆல்ப்ஸில் நடப்பதற்கு வருஷத்தில் கிடைப்பது மூன்று, மூன்றரை மாதம்.

இரண்டாவது முறை, 2018 செப்டம்பரில் போனோம். அதே கிரிண்டல்வால்ட், அதே பாதை, அதே மனைவி. வானத்தில் ஒரு மேகம் கிடையாது.

இதையெல்லாம் பொங்கலன்று தம்பி மகளுக்குச் சொன்னேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "ஆவணி முகூர்த்தத்தையே வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த வாரமே விமானம் ஏறிவிடலாம்" என்றும் சொல்லிவிட்டேன். இதை இரு வீட்டாரும் கூடிய நாளிலும் உற்சாகமாக எடுத்துவிட்டேன்.

சம்பந்தி என்னை ஒரு பார்வை பார்த்தார். "ஊர் சுத்தறதுக்காக முகூர்த்தத்தைத் தள்ளி வைப்பாங்களா? என் அம்மாவுக்கு 86 வயசு. பேரன் கல்யாணத்தைப் பார்க்கணும்னுதான் உட்கார்ந்திருக்காங்க. ஆவணி வரைக்கும் எப்படி இருப்பாங்கன்னு நீங்க சொல்ல முடியுமா?"

சபையில் சத்தம் அடங்கிவிட்டது. என் தம்பி தரையைப் பார்த்தான். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருந்தது. பனி கரைகிற நாளைக் கணக்குப் போட்டேனே தவிர, அந்த வீட்டில் ஒரு பாட்டி இருக்கிறார் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பெண்தான் பேசினாள்.

"மாமா, கல்யாணம் வைகாசியிலேயே நடக்கட்டும். பாட்டிதான் முக்கியம். நாங்க செப்டம்பர்ல போய்க்கறோம்."

"கல்யாணமாகி மூணு மாசம் கழிச்சு தேனிலவா?" என்று யாரோ ஒரு அத்தை கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். சபை கலகலப்பானது. வைகாசி என்று முடிவாயிற்று.

இந்த இடத்தில் வாசகர்களுக்கு ஒரு விஷயம். நம்முடைய கல்யாண மாதங்களையும் ஐரோப்பாவின் பருவங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். ஆல்ப்ஸ் மலைப்பாதைகள் முழுவதுமாகத் திறந்திருக்கிற ஆடியில் நாம் கல்யாணம் செய்வதில்லை. புதுப்பெண்ணை அம்மா வீட்டுக்கு அழைத்து வந்து ஜோடியைப் பிரித்தே வைக்கிறோம். புரட்டாசியிலும் பல வீடுகளில் கல்யாணம் இல்லை. நாம் அதிகமாகக் கல்யாணம் செய்கிற தை, வைகாசி இரண்டும் அங்கே நடப்பதற்கு ஆகாத மாதங்கள். முகூர்த்தம் முடிந்த கையோடு கிளம்ப வேண்டும் என்ற பிடிவாதம் இருந்தால், மாதத்துக்குத் தக்கபடி இடத்தையும் செய்கிற காரியத்தையும் மாற்றிக்கொள்ள வேண்டும்.

தை மாதக் கல்யாணமா? அப்படியானால் பனியைத் தேடியே போகலாம். ஜனவரி முதல் வாரத்தோடு அவர்களுடைய புத்தாண்டு விடுமுறை முடிந்துவிடும். பிப்ரவரியில் பள்ளிகளுக்குக் குளிர்கால விடுமுறை வந்துவிடும். அப்போது விலை ஏறும், இடமும் கிடைக்காது. நடுவில் உள்ள ஜனவரி கடைசி இரண்டு வாரங்கள் நல்ல வாரங்கள். பனிச்சறுக்கு புதிதாகக் கற்பவர்கள் மூன்று நாளாவது ஆசிரியரிடம் பயில வேண்டும். முதல் நாள் விழுவதுதான் பாடம். அதில் விருப்பமில்லை என்றால் சறுக்குக் கட்டை வண்டி இருக்கிறது. கிரிண்டல்வால்டில் ஃபவுல்ஹார்ன் மலையிலிருந்து 15 கிலோமீட்டர் சறுக்கி வரலாம். ஆனால் அதற்கு முன்னால் இரண்டரை மணி நேரம் வண்டியை இழுத்துக்கொண்டு மேலே நடக்க வேண்டும். சுவிட்சர்லாந்தில் குளிர்காலத்தில் நடப்பதற்கென்றே பனியை அழுத்திச் சமன்படுத்திய பாதைகளும் உண்டு. இளஞ்சிவப்புப் பலகை வைத்திருப்பார்கள். பகல் மட்டும் சின்னது; ஐந்தரை மணிக்கெல்லாம் இருட்டத் தொடங்கிவிடும். புதுமணத் தம்பதிகளுக்கு அது ஒரு குறையா என்று கேட்காதீர்கள்!

பனியே வேண்டாம், ஆனால் தையிலேயே போக வேண்டும் என்கிறவர்களுக்குத் தீவுகள் இருக்கின்றன. போர்ச்சுக்கலின் மதெய்ராவிலும் ஸ்பெயினின் கேனரித் தீவுகளிலும் ஜனவரியிலும் இதமான வெயில்தான். மதெய்ராவில் மலைச்சரிவுகளில் வெட்டிய பழைய நீர்க்கால்வாய்களின் கரையோடு நடக்கலாம். இரண்டுக்கும் அதே ஷெங்கன் விசா போதும்.

சித்திரை, வைகாசி என்றால் வடக்கே போகாமல் தெற்கே போங்கள். கிரீஸின் கிரீட் தீவில் சமாரியா என்ற பள்ளத்தாக்கு இருக்கிறது. 16 கிலோமீட்டர் நடை, முழுக்க இறக்கம். 1,200 மீட்டர் உயரத்திலிருந்து கடற்கரை வரை இறங்கிவிட்டுப் படகில் திரும்ப வேண்டும். மே முதல் அக்டோபர் வரைதான் திறந்திருக்கும். மே மாதம் மலையெங்கும் பூ. இத்தாலியின் சின்க்வே தெர்ரேயிலும் மே மாதம் நடப்பதற்கு நன்றாக இருக்கும். அங்கே கடலோரத்துக் 'காதலர் பாதை' 2012இல் பாறை சரிந்து மூடப்பட்டு, 2024இல்தான் மறுபடி திறந்தது.

ஆனால் ஜூலை, ஆகஸ்டில் தெற்குப் பக்கம் தலைவைக்காதீர்கள். மும்பைக்காரனுக்கு வெயில் ஒரு பொருட்டா என்று நினைக்கக்கூடாது. 2023 ஜூலையில் ஏதென்ஸில் அக்ரோபோலிஸையே மதிய நேரத்தில் மூடி வைத்தார்கள். அடுத்த வருஷம் ஜூனிலும் அப்படியே. சமாரியாவையும் கடும் வெயில் நாட்களில் மூடிவிடுவார்கள். அந்த வெயிலில் பாறை மேல் நடப்பது வீரம் இல்லை.

ஜூலை, ஆகஸ்டில் ஆல்ப்ஸ் மட்டும் எப்படி? பாதைகள் திறந்திருக்கும், ஜூலையில் புல்வெளியெங்கும் பூ, ஒன்பது மணிக்கு மேலும் வெளிச்சம். ஆனால் ஐரோப்பா முழுவதும் பள்ளி விடுமுறை. இத்தாலியில் ஆகஸ்ட் 15ஐ ஒட்டி ஊரே கிளம்பி மலைக்கும் கடலுக்கும் போய்விடும். குடிலில் இடம் ஆறு மாதத்துக்கு முன்பே தீர்ந்துவிடும். இன்னொன்று, மத்தியான இடி. காலையில் பளிச்சென்று இருக்கும். வெயிலில் பள்ளத்தாக்குக் காற்று சூடாகி மேலெழும்பி, இரண்டு மூன்று மணிக்குக் கருமேகமாகத் திரண்டு மின்னலோடு கொட்டும். மலை முகட்டில் மின்னலில் மாட்டிக்கொள்வது விளையாட்டில்லை. அதனால்தான் அங்கே விவரம் தெரிந்தவர்கள் காலை ஏழு மணிக்கே கிளம்பி ஒரு மணிக்குள் இறங்கிவிடுகிறார்கள். தேனிலவுக்குப் போனவர்களை ஆறு மணிக்கு எழுந்திருக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

செப்டம்பரில் இந்தத் தொல்லைகள் குறைந்துவிடும். குழந்தைகள் பள்ளிக்குத் திரும்பியிருப்பார்கள். இடி குறையும். காற்றில் தூசியும் ஈரமும் குறைவு, தூரத்து மலையும் கைக்கெட்டுவது போல் தெரியும். பனியெல்லாம் கரைந்து கணவாய்கள் உலர்ந்திருக்கும். சூரியன் ஏழரை, ஏழே முக்காலுக்கு மறையும். நடப்பவனுக்கு அது போதும். கேபிள் கார்களும் குடில்களும் இன்னும் மூடவில்லை. அக்டோபர் பாதியில் ஒவ்வொன்றாக மூட ஆரம்பித்து, நவம்பரில் மே மாதத்தைவிட மோசமாகிவிடும்.

செப்டம்பருக்கு நான் ஜாமீன் கொடுக்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். 2024 செப்டம்பர் நடுவில் 'போரிஸ்' புயல் வந்தபோது ஆஸ்திரியாவில் கீழே வெள்ளம், மேலே பனி. அந்த வாரம் டான்யூப் நதிக்கரையில் சைக்கிளில் போகத் திட்டமிட்டவர்கள் என்ன செய்திருப்பார்கள்! அதனால்தான் நான் யாருக்குச் சொன்னாலும் பதினைந்து நாளில் இரண்டு நாளை எதற்கும் ஒதுக்காமல் விடச் சொல்வேன். அந்த இரண்டு நாள்தான் மழையைத் தாங்கும்.

இனி எங்கள் வீட்டுக் கதைக்கு வருகிறேன்.

ஜூன் முதல் வாரத்தில் செம்பூரில் கல்யாணம் நடந்தது. பாட்டி முதல் வரிசையில் நாற்காலியில் உட்கார்ந்து, ஊஞ்சல் பாட்டு சரியில்லை என்று குறை சொல்லி, தானே இரண்டு அடி பாடினார். மருவீடு, விருந்து என்று ஜூன் ஓடியது. இதற்கு நடுவில் விசா வேலை. ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். நாள் கிடைப்பதுதான் கஷ்டம். கோடையில் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது. எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும் என்பதால் இவர்கள் சுவிஸ் பக்கம் போனார்கள். 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. சாதாரணப் பயணக் காப்பீடு பலவற்றில் மலையேற்றம் சேராது. அல்லது இத்தனை மீட்டருக்கு மேல் இல்லை என்று பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். கால் பிசகினால் அங்கே ஹெலிகாப்டர்தான் வரும், செலவும் அதற்குத் தக்கபடிதான். அந்தப் பொடி எழுத்தை மாப்பிள்ளை பூதக்கண்ணாடி வைத்துப் படித்து, முதலில் எடுத்த பாலிசியை மாற்றினார்.

ஆடி வந்தது. தலை ஆடிக்கு மாப்பிள்ளையை அழைத்து வேஷ்டி கொடுத்து, பெண்ணை முலுண்டிலேயே நிறுத்திக்கொண்டோம். பெரியவர்களுக்குத் திருப்தி. ஆனால் ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் பெண் முதுகில் ஒரு பையோடு காணாமல் போய்விடுவாள். செம்பூரிலிருந்து மாப்பிள்ளையும் வந்து தாணே ஸ்டேஷனில் கசாரா லோக்கலில் சேர்ந்துகொள்வார். கொட்டும் மழையில் கல்சுபாய் மலை, 1,646 மீட்டர், மகாராஷ்டிரத்திலேயே உயரமானது. ஒரு வாரம் ராஜ்மாச்சி. ஒரு வாரம் லோகட். "ஆடியில ஒரே வீட்டில இருக்கக்கூடாதுன்னுதான் சொன்னீங்க, மலையில இருக்கக்கூடாதுன்னு சொல்லலையே" என்று அவள் கேட்டதற்கு என் தம்பி மனைவியிடம் பதில் இல்லை. ஷூவும் அந்த மழையிலேயே பழகிவிட்டது. புது ஷூவோடு ஆல்ப்ஸுக்குப் போவது என்னைப் போன்றவர்கள் செய்கிற வேலை.

ஆகஸ்ட் மூன்றாவது வாரத்தில், ஆவணி பிறந்த சில நாட்களில், பாட்டி குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டார். இடுப்பு எலும்பு முறிவு, அறுவை சிகிச்சை, பத்து நாள் ஆஸ்பத்திரி. ஜோசியர் குறித்த அந்த ஆவணி முகூர்த்த நாளில் பாட்டி படுக்கையில் கிடந்தார். நான் சொன்னபடி நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அன்று சம்பந்தி என்னிடம் கேட்கவில்லை. கேட்காதது அவர் பெருந்தன்மை.

பயணத்தை ரத்து செய்துவிடலாம் என்று மாப்பிள்ளை சொன்னார். விமானச் சீட்டுப் பணம் பாதிகூடத் திரும்பாது. அதைப் பற்றி அவர் பேசவே இல்லை. பாட்டிதான் அவரைப் பக்கத்தில் கூப்பிட்டுச் சொன்னாராம்: "நீ இங்கே உட்கார்ந்து என் இடுப்பைப் பார்த்துண்டிருந்தா அது சேர்ந்துடுமா? அந்தப் பெண் எனக்காக மூணு மாசம் காத்துண்டிருந்தா. அழைச்சுண்டு போயிட்டு வா."

செப்டம்பர் 2ஆம் தேதி சனிக்கிழமை இரவு கிளம்பினார்கள். 17ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை திரும்பினார்கள். மறுநாள் பிள்ளையார் சதுர்த்தி. பத்து நாள் லீவில் பதினைந்து நாள் கிடைத்தது. கோகுலாஷ்டமிக்கு இல்லையே என்று சம்பந்தியம்மாவுக்கு மட்டும் வருத்தம்.

கிரிண்டல்வால்டில் சமையலறை உள்ள அறையாக எடுத்து ஆறு இரவு தங்கினார்கள். அரிசி அங்கே கடையில் வாங்கிக்கொண்டார்கள். பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல் இங்கிருந்து போயிற்று. 2023 செப்டம்பர் சுவிட்சர்லாந்தில் எதிர்பாராத அளவுக்கு வெயில் காய்ந்த மாதம். மேலேயும் அரைக்கைச் சட்டையோடு நடந்தார்களாம். நான் மூடிய கதவைப் பார்த்துத் திரும்பிய மென்லிஷன் பாதையை அவர்கள் முதல் நாளே, உடம்பைப் பழக்குவதற்காக, ஒரு மணி நேரத்தில் முடித்துவிட்டார்கள். எனக்குக் கொஞ்சம் பொறாமைதான்.

நாலாம் நாள் பெரிய நடை. ஷீனிகெ பிளாட்டெ வரை பழைய பல்சக்கர ரயிலில் ஏறி, அங்கிருந்து ஃபவுல்ஹார்ன் வழியாக ஃபிர்ஸ்ட் வரை 16 கிலோமீட்டர். அங்கே மஞ்சள் பலகைகளில் கிலோமீட்டர் போடுவதில்லை. இத்தனை மணி இத்தனை நிமிஷம் என்றுதான் போட்டிருப்பார்கள். அந்த நேரம் நிற்காமல் நடக்கும் சுவிஸ்காரர் கணக்கு. படம் எடுக்க, பிஸ்கட் சாப்பிட, புது மனைவியின் பின்னல் காற்றில் பறப்பதைப் பார்த்து நிற்க அதில் இடமில்லை. ஃபவுல்ஹார்னில் (2,681 மீட்டர்) போய்ச் சேரும்போதே மணி மூன்று. ஃபிர்ஸ்டிலிருந்து கடைசி கேபிள் காரை விட்டால் ஊருக்கு இன்னும் 1,100 மீட்டர் இறங்க வேண்டும். இறக்கத்தில் மாப்பிள்ளையின் வலது முழங்கால் பிடித்துக்கொண்டது. ஏறுவதற்கு மூச்சு, இறங்குவதற்கு முழங்கால் என்று சஹ்யாத்ரியில் தெரிந்த பாடம்தான்; ஊன்றுகோலை அறையிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார். அவள் தன்னுடைய கோல் இரண்டையும் அவரிடம் கொடுத்துவிட்டு, அவருடைய பையையும் தானே சுமந்துகொண்டு, முன்னால் நடந்து நேரம் சொல்லிக்கொண்டே வந்தாளாம். கடைசி வண்டிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது போய்ச் சேர்ந்தார்கள்.

"கோபம் வந்ததா?" என்று பிறகு அவளிடம் கேட்டேன். "வந்தது பெரியப்பா. கேபிள் கார்ல உட்கார்ந்ததும் அவர் பாட்டியை நினைச்சு அழுதுட்டார். அப்புறம் எங்கே கோபப்படறது?"

அடுத்த நாள் ஓய்வு. ஒதுக்கி வைத்த இரண்டு நாளில் ஒன்று அப்படிப் போயிற்று. மழைக்கு வைத்தது முழங்காலுக்கு உதவியது.

பிறகு காலை முதல் மாலை வரை ரயில் மாறி மாறி இத்தாலியின் டாலமைட் மலைகளுக்கு. அங்கே சான் கான்டிடோ என்ற ஊரில் சைக்கிளை வாடகைக்கு எடுத்தால் ஆஸ்திரியாவின் லியன்ஸ் வரை 44 கிலோமீட்டர், சுமார் 500 மீட்டர் இறக்கம். பெடலை மிதிக்கவே வேண்டாம், நதியோடு நாமும் இறங்கலாம். சைக்கிளை அங்கேயே கொடுத்துவிட்டு ரயிலில் திரும்பலாம். எல்லைக் கோட்டைக்கூட கவனிக்கவில்லையாம். முழங்காலுக்கு இதைவிட நல்ல வைத்தியம் கிடையாது.

கடைசியில் ட்ரே சிமே என்கிற மூன்று சிகரங்களைச் சுற்றி வரும் பத்து கிலோமீட்டர் பாதை. பேருந்துக்கு முன்பதிவு செய்துகொண்டு 2,320 மீட்டர் வரை ஏறி, அங்கிருந்து நடந்து, 2,405 மீட்டரில் உள்ள குடிலில் ஒரு இரவு. குடிலில் தேனிலவு எப்படி இருக்கும் என்று கேட்கிறவர்களுக்கு: பொது அறை, வரிசையாகப் படுக்கை, பக்கத்தில் யார் என்று தெரியாது, பத்து மணிக்கு விளக்கு அணைந்துவிடும். படுக்கைக்குள் விரித்துக்கொள்ளும் துணிப்பையை நாமேதான் கொண்டுபோக வேண்டும். சாப்பாட்டில் சைவம் என்றால் தக்காளிச் சாறு ஊற்றிய ஸ்பகெட்டி. எட்டுப் பேர் அறையில் ஏழு பேர் குறட்டை விட்டார்களாம். விடிகாலை ஐந்தரைக்கு இரண்டு பேரும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வாசலில் போய் உட்கார்ந்திருக்கிறார்கள். மூன்று சிகரமும் முதலில் சாம்பல் நிறம், பிறகு ரோஜா நிறம், பிறகு பொன். அந்தப் படம் இப்போது செம்பூர் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது.

திரும்பி வந்த அன்று மாலை பாட்டியின் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாப் படங்களையும் காட்டினார்கள். நானும் போயிருந்தேன். ஏரிக்குப் போகிற வழியில் மாடுகள் பாதையை அடைத்துக்கொண்டு படுத்திருக்கும். கழுத்தில் செம்பு அளவுக்கு மணி. அவை எழுந்து நகர்கிற வரை இவர்கள் காத்திருக்க வேண்டியிருந்ததாம். ஐகர் மலையும் ஃபவுல்ஹார்னும் ஒவ்வொன்றாகப் போயின. பாட்டி 'ம்' கொட்டிக்கொண்டே வந்தார். மாடு வந்ததும் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"எவ்வளவு கறக்கும்னு கேட்டேளா?" என்றார்.

கேட்கவில்லை என்று இருவரும் ஒப்புக்கொண்டார்கள்.